சதேந்திராவின் வெள்ளை லாரல்

இதைத் தமிழில் எழுதுகிறேன். அதற்குப் பெருமையான காரணம் எதுவும் கிடையாது. என் மகன் ரவ்னீலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அடிக்கடி வந்துபோகும் சுஷீலாவுக்குப் பேச வரும், படிக்க வராது. அவள் மகள் தீப்திகாவுக்கோ 'பெரியப்பா' என்ற ஒரு சொல்லும், நாலைந்து சாப்பாட்டுப் பெயர்களும்தான் தெரியும். ஆக்லாந்தில் நான் இருக்கும் இந்த வீட்டில் நோட்டைச் சாப்பாட்டு மேசையிலேயே திறந்து போட்டுவிட்டுப் போகலாம். ஒருவரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். ஃபிஜியில் தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்த எழுத்து, கடைசியில் ஒளிந்துகொள்ளத்தான் எனக்கு உதவுகிறது.

என் பெயர் ஏழுமலை. ஃபிஜியில் லௌடோகாவுக்கும் நாந்திக்கும் நடுவே முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். லைசென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்ததில்லை. கிடைத்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிவது என் வழக்கம். இப்போது சொல்வதில்லை.

எழுத உட்கார்ந்தது சதேந்திராவைப் பற்றி. லௌடோகா பக்கம் லோவு என்கிற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கரும்புத் தோட்டம் தள்ளி இருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவன் தாத்தாவும் என் தாத்தாவும் மதராஸிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். லோவுவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அத்தனை பேரும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும். சதேந்திரா குட்டை உருவம். வெல்டிங் பொறி பட்டு இடது புருவத்தில் பாதி முடி கிடையாது. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் செய்துவந்தான். கரும்பு லாரி, டிராக்டர், டாக்சி, எது வந்தாலும் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி "சரி, வா" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவான். மனைவி சுஷீலா லௌடோகாவில் நர்ஸ். கறாரான பெண். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தீப்திகா ஒரே பிள்ளை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அங்கே யாரோ ஓட்டிச் சலித்த வண்டிகள் எங்களுக்குப் புது மாப்பிள்ளைகளாக வந்தன. அப்படி வந்த ஒன்றைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில் ஒரு வீடியோ கேசட் சதேந்திராவின் கையில் சிக்கியது. பழைய சொந்தக்காரன் மறந்துவிட்டுப் போனது. வீட்டில் போட்டுப் பார்த்தான். ஏதோ மலைப்பாதை. கார்கள் வளைவுக்கு வந்ததும் பின்பக்கத்தை வெளியே வீசி, குறுக்குவாக்கில் வழுக்கிக்கொண்டே வளைவைக் கடந்தன. ஒன்றின் பின்னால் ஒன்று, ஒரு முழ இடைவெளியில். பேசியதெல்லாம் ஜப்பான் பாஷை. முப்பத்தாறு வயது மனிதன், தலைக்குமேல் வேலை கிடக்கிறது, அந்தக் கேசட்டை நாடா தேய்கிற வரைக்கும் பார்த்தான். என்னையும் ஒருநாள் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரே பாடம்: முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வர வேண்டும். டிரிஃப்ட் என்கிற இந்தக் கூத்தில் பின்பக்கம் முந்திக்கொண்டு போகப் பார்க்கிறது, ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து அதைப் போக விட்டும் பிடித்தும் விளையாடுகிறான். டயர் புகைந்து தீர்கிறது. போய்ச் சேருகிற இடம் என்று ஒன்று கிடையாது. "இதுக்குக் கரும்பு வெட்டப் போலாம்டா" என்றேன். அவன் சிரித்தான்.

எங்கள் பக்கம் கரும்பு லாரிகள் திரும்புவதற்கென்று போட்ட பெரிய தார்த் திடல் ஒன்று இருந்தது. ஆலை ஓடாத மாதங்களில் நாய் படுத்திருக்கும். அங்கே போய்ப் பழகினான். லௌடோகா டாக்சிக்காரர்கள் கழற்றிப் போட்ட மொட்டை டயர்களை அள்ளிக்கொண்டு வருவான். ஒரு வருடத்தில் கேசட்டில் பார்த்ததை அப்படியே செய்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் திடலைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நிற்க ஆரம்பித்தார்கள்.

அவன் கைவேலை பெரும்பாலும் பின்னச்சில்தான். காருக்குப் பின்னச்சின் நடுவில் டிஃப் என்று ஒன்று உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றுவதற்கு அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள்தான் இடம் கொடுக்கும். சதேந்திரா அதைத் திறந்து பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவான். அப்புறம் இரண்டு பின்சக்கரமும் ஒரே கட்டையாகத்தான் சுற்றும். லேசாக உலுக்கினால் போதும், வால் வீசும். அதனாலேயே அவன் ஒரு விதி வைத்திருந்தான். டிஃப் வெல்டிங் வைத்த வண்டி தன் காலால் ரோட்டில் போகக் கூடாது. கொட்டகையிலிருந்து திடலுக்கும், திடலிலிருந்து கொட்டகைக்கும் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துத்தான் போவான். ஐந்நூறு கெஜம்தான். இருந்தாலும் கயிறுதான். பையன்கள் கேலி செய்வார்கள், அதற்கெல்லாம் அவன் அசையமாட்டான்.

அப்புறம் 2000 மே மாதம் வந்தது. இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்த நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள், தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஒருமுறை பார்த்ததுதான். என் அண்ணன் அப்போதே பெட்டியைக் கட்டிவிட்டான். இந்தத் தடவை ஊரே கட்டியது. சிலருக்கு நிலத்தின் குத்தகையும் முடிந்திருந்தது, போக வேறு இடம் இல்லை. கோயிலில் சாமியைக் கும்பிடுகிறவர்களைவிட விசா ஃபாரம் நிரப்புகிறவர்கள் அதிகம். சந்தையில் ஃபிஜியர்களும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மரவள்ளிக்கிழங்கு வாங்கினோம். அந்த வருடத்தில் இரண்டு பக்கத்துப் பையன்களும் தோளோடு தோள் நின்று கத்தின இடம் எனக்குத் தெரிந்து அந்தத் திடல் ஒன்றுதான். இதைச் சொல்லியே ஆக வேண்டும், நான் திட்டின கூத்துதான் என்றாலும்.

வெள்ளை லாரல் காரும் அந்த வருடம்தான் வந்தது. அதை வைத்திருந்த ஜிதேந்திரா சிட்னிக்குக் கிளம்பும்போது, "உன் பேர்ல போட்டுக்க, நல்லா வெச்சுக்க" என்று சதேந்திராவிடம் விட்டுவிட்டுப் போனான். டிரிஃப்டுக்கென்றே செய்தது போன்ற வண்டி. சதேந்திரா அதன் டிஃப்பை வெல்டிங் வைத்து, என் மகன் ரவ்னீலுக்கு அதில்தான் கற்றுக் கொடுத்தான். ரவ்னீலுக்கு அப்போது இருபத்தொரு வயது. கையில் வித்தை இருந்தது. "அண்ணே, ஒங்க பையன் என்னையே மிஞ்சிடுவான்" என்று சதேந்திரா என்னிடம் சொன்னபோது திட்டுவதற்கு வாய் வரவில்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

இங்கே எங்கள் ஊரின் எழுதாத சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விசா வந்த ஆளுக்கு எந்த இடைஞ்சலும் செய்யக் கூடாது. அவன்மேல் போலீசுக்குப் போகக் கூடாது, வழக்குப் போடக் கூடாது, ஒரு காகிதத்தில் அவன் பெயர் தப்பாக வந்துவிடக் கூடாது. எங்கள் வாழைத்தாரை வெட்டிக்கொண்டு போனவனை நான் கண்ணால் பார்த்தேன். விசா வந்திருந்ததால் மறுநாள் அவனுக்கே கை கொடுத்து வழியனுப்பினேன். எங்கள் ஊர்ப் பையன் தேவேந்திரா பிளைட் ஏறுவதற்கு முந்தின நாள் அவன் தகப்பனார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 'தூங்குகிறார்' என்று சொல்லி மகனை ஏற்றிவிட்டுத்தான் ஊரே அழுதது. வந்ததைக் கெடுக்கக் கூடாது என்பார்கள். நிச்சயமான பெண்ணைப் பொத்திப் பாதுகாப்பதுபோல விசாக்காரனைப் பொத்திப் பாதுகாத்தோம்.

2001 பிப்ரவரியில் ரவ்னீலுக்கு நியூசிலாந்து விசா வந்தது. வியாழக்கிழமை பிளைட். அதற்கு முந்தின ஞாயிறு வீட்டில் வழியனுப்பு விருந்து. காலையிலிருந்து மழை, திடலில் ஈ காக்கை இல்லை. போகிற பையனுக்குக் கடைசியாக ஒரு சுற்று ஓட்டக் கொடுப்பது சதேந்திராவின் வழக்கம் என்பதால் அவனும் ரவ்னீலும் மட்டும் போயிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் ஆகியும் காணவில்லை என்று நான் குடையோடு போனேன். ரவ்னீல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வட்டமடித்து வந்து என் முன்னால் நிறுத்தினான். சிரித்த முகம். லாரலை இழுத்துவந்து விட்டபின் பிக்கப்பைத் திரும்பக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வந்திருந்த சதேந்திரா அதைக் கொண்டுவரக் கிளம்பினான்.

"அண்ணே, ரெண்டு நிமிட் இருங்க. பிக்கப்பும் கயிறும் எடுத்தாறேன்."

"கயிறு எதுக்குடா? ஐந்நூறு கெஜம். வீட்ல முப்பது பேரு சோத்துக்கு ஒக்காந்திருக்காங்க. மழ வேற ஊத்துது."

"ரோட்டுல வேணாம்ணே. ஈரத்துல அது சொன்ன பேச்சு கேக்காது."

"முப்பது வருசமா இந்த ரோட்டுல பஸ் ஓட்டறவன் நான். எனக்கே பாடம் சொல்றியா?"

அண்ணன் என்று கூப்பிடுகிற ஆளிடம் அதற்குமேல் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. மழையில் கொட்டகையைப் பார்த்து ஓடினான். நான் லாரலில் ஏறி ரவ்னீல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சலோ, வீட்டுக்கு விடு" என்றேன்.

ரவ்னீல் மெதுவாகத்தான் ஓட்டினான். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் செய்யவில்லை என்றாலும். கரும்பு ரயிலின் தண்டவாளம் ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற வளைவு ஒன்று உண்டு. ஈர இரும்பில் பின்சக்கரம் ஏறியது. அவ்வளவுதான், வால் வீசியது. ரோட்டோரம் ஒரு மனிதர் சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்தார். சாம்பல் நிற சுலுவை வேட்டிபோல் உடுத்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றின பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு. காரின் பின்பக்கம் அவரை அடித்து வாய்க்காலில் தள்ளியது.

பக்கத்து ஃபிஜியர் கிராமத்துக்காரர். பெயர் இலைசா. ஐம்பது வயது இருக்கும். என் பஸ்ஸில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறார், இறங்கும்போது "வினாக்கா, டிரைவர்" என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ரவ்னீல் ஸ்டியரிங்கை விடவில்லை. நான் வாய்க்காலில் இறங்கி அவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன். மூச்சு இருந்தது. அதற்குள் சதேந்திராவின் பிக்கப் வந்து நின்றது. பக்கத்து சீட்டில் கயிறு சுருட்டி வைத்திருந்தது. அவன் இறங்கி வந்து இலைசாவைப் பார்த்தான், லாரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'நான்தான் சொன்னேனே' என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்தான் பேசினேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"சதேந்திரா, பையனுக்கு வியாழக்கெழம பிளைட்."

மழை அவன் பாதிப் புருவத்திலிருந்து கண்ணுக்குள் வடிந்தது. துடைத்துக்கொண்டான்.

"வண்டி எம் பேர்லதான இருக்குது. நீங்க பையனக் கூட்டிக்கிட்டுக் கரும்புக்குள்ளாறப் பூந்து போங்கண்ணே."

போனோம். அவன் தனியாக அவரைத் தூக்கி பிக்கப்பில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு முப்பது பேருக்குப் பரிமாறினேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம்கூடக் குடித்தேன். என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்தாள், அன்றைக்கே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவளும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை இலைசா இறந்துபோனார். சதேந்திரா போலீசில் தான் ஓட்டியதாக எழுதிக் கொடுத்திருந்தான். ஜாமீனில் அவன் வெளியே வந்ததும் கொட்டகைக்குப் போனேன். ரவ்னீல் நியூசிலாந்தில் போய் இறங்கினதும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவான், நானும் கோர்ட்டில் வந்து சொல்வேன் என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

"அனுப்பட்டும்ணே. மொதல்ல போய்ச் சேரட்டும். வந்ததக் கெடுக்கக் கூடாது" என்றான். பிறகு, "சுஷீலாட்ட மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா நாளைக்கே போலீசுக்குப் போயிடுவா. பையன் ஏற முடியாது" என்றான்.

வியாழக்கிழமை ரவ்னீல் ஏறினான்.

இரண்டு வாரம் கழித்து போனில் கேட்டேன். வக்கீல் ஒருவரை விசாரித்ததாகவும், எழுதிக் கொடுத்தால் மறுபிளைட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் ஹிந்தியில் சொன்னான். அழுதான். சரி, யோசித்துச் செய் என்றேன். அதற்கடுத்த முறை போனில் அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். அப்படியே பழகிவிட்டது.

வழக்கு வருவதற்கு முன் சதேந்திரா இலைசாவின் கிராமத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனான். ஃபிஜியர் வழக்கப்படி திமிங்கலப் பல்லும் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் கட்டுக் கட்டாகவும் கொண்டுபோக வேண்டும். அவர்கள் தொட்டு வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். அந்தக் காலத்தில் எங்கள் ஆள் ஒருவன் அப்படி ஒரு கிராமத்துக்குள் சாவுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு நுழைவது லேசான காரியமில்லை. அவனுக்காகப் பேச ஒரு ஃபிஜிய லாரி டிரைவர் கூட வந்தார். காரில் கொண்டுபோய் விட்டவன் நான். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை, ஈரப்பலா மரத்தடியில் காரிலேயே இருந்தேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளங்கையைக் குவித்துத் தட்டுகிற அந்த மந்தமான ஓசை கேட்டது. வாங்கிக்கொண்டார்கள். சதேந்திரா வெளியே வரும்போது இலைசாவின் மனைவி அவன் தலையைத் தடவிக்கொண்டே நடந்து வந்தாள். எனக்கு வர வேண்டிய மன்னிப்பு அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

கிராமம் மன்னித்தாலும் கோர்ட்டுக்குச் சட்டம் இருக்கிறது. டிஃப்பை வெல்டிங் வைத்தது, அதை ரோட்டில் ஓட்டியது, ஆள் செத்தது. பதினெட்டு மாதம் ஜெயில். தீர்ப்பு சொன்ன அன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், கவலைப்படாதீர்கள் என்பதுபோல. அவனைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சுஷீலா அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நர்ஸ்களுக்கு நியூசிலாந்தில் தேவை இருந்ததால் மூன்று பேருக்கும் சேர்த்து ஏற்கெனவே மனுப் போட்டிருந்தாள்.

"அண்ணே, அடிபட்டு வர்றவங்களுக்குத் தெனமும் ரத்தம் தொடைக்கறவ நானு. இந்தாளு வெளையாட்டுக்கு வண்டி ஓட்டி ஒருத்தரக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிருக்காரு. அந்த மொகத்த நான் எப்படிப் பாக்கறது?"

என் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் தரையைப் பார்த்தேன். "பொறுமையா இரும்மா" என்றேன். வேறென்ன, பெரிய மனுஷனாயிற்றே!

2003இல் அவர்களுக்கு விசா வந்தது. தாய்க்கும் மகளுக்கும் மட்டும். ஜெயிலுக்குப் போனவனைப் பத்து வருடத்துக்கு எடுக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் அவன் வெளியே வந்திருந்தான். கொட்டகையில்தான் படுக்கை, சுஷீலா வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பதினைந்து வயது தீப்திகா அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இலைசாவின் அண்ணன் பெண் அவளுடைய வகுப்பு. நாந்தி ஏர்போர்ட்டுக்கு என் காரில்தான் போனோம். பின்சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தீப்திகாவின் பெட்டியில் ஒரு சக்கரம் உடைந்திருந்ததை முதல் நாள் அவன் போல்ட் போட்டுச் சரிசெய்திருந்தான். உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியின் சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான் அவன், கண்ணாடிக் கதவு மூடுகிற வரைக்கும்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். "சுஷீலாவுக்கு லெட்டர் போடறேன்டா. உண்மையச் சொல்லிடறேன்." அவன் வெளியே கரும்பைப் பார்த்தான். "ரவ்னீலுக்கு இன்னும் நெரந்தர விசா ஆகலியே அண்ணே" என்றான். அப்போதுகூட அவன்தான் அதை யோசித்தான். எனக்கு அது போதுமான சாக்காக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் டிரிஃப்ட் ஓட்டவில்லை. லாரல் கொட்டகைக்குப் பின்னால் நின்று துருப்பிடித்தது. ஓட்டக் கற்றுக்கொண்ட பையன்களும் ஒவ்வொருவராகச் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் ஆக்லாந்துக்கும் போய்விட்டார்கள். வருடா வருடம் பிப்ரவரியில் யங்கோனாக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இலைசாவின் வீட்டுக்குப் போவான். அங்கே அவனுக்குப் பாய் போட்டுச் சாப்பாடு போடுவார்கள். சொந்த வீட்டில் இல்லாத மரியாதை செத்தவர் வீட்டில் கிடைத்தது.

2006 டிசம்பரில் மறுபடியும் ராணுவம் இறங்கியது. ரவ்னீல் எங்களுக்கு எடுத்திருந்த விசாவோடு அடுத்த மாதமே நானும் மனைவியும் ஆக்லாந்து வந்துவிட்டோம். வழியனுப்ப வந்த சதேந்திரா கேட்டது ஒன்றுதான்: "பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே."

பார்த்துக்கொண்டேன். அதில் குறை வைக்கவில்லை. சுஷீலாவின் வீடு எங்களுக்கு நாலு தெரு தள்ளி. தீப்திகாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் நான். மழையில் வளைவு வந்தால் அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குகிறாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். "பெரியப்பா, ஏன் இப்படிப் பயப்படறீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டுச் சிரிப்பாள்.

ஒருநாள் ரவ்னீல் என்னை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனான். டிரிஃப்ட் போட்டி. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற ஜனம் ஆயிரக்கணக்கில். டிவி காமிரா, டயர் கம்பெனி விளம்பரம், நடுவர்கள் எல்லாம் உண்டு. கார்கள் இரண்டிரண்டாக வழுக்கிக்கொண்டு வந்தன. முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் ஒரு முழத்தில் ஒட்டிக்கொண்டு. இரண்டாவதாக வந்த காரை ஓட்டியது என் மகன். பின்கண்ணாடியில் 'லோவு' என்று இங்கிலீஷில் ஒட்டியிருந்தான். மொட்டை டயரையும் ஒரு ஓட்டைக் கேசட்டையும் வைத்து ஒருவன் கற்றுக்கொண்டு கொடுத்த வித்தைக்கு ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ரவ்னீல் இறங்கி வந்ததும், "அந்தப் பேரக் கிழிச்சுப் போடு" என்று கத்தினேன். அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் கிழிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் லோவுவைப் பற்றிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

சென்ற வருடம், 2010இல், தீப்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளே அப்பாவுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. சதேந்திரா விசிட் விசாவுக்கு எழுதினான். மறுத்துவிட்டார்கள், பத்து வருடம் இன்னும் ஆகவில்லை. மறுபடி எழுதினான், மறுபடி மறுத்தார்கள். அப்போது சுஷீலா எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும்தான் நின்னு தாரை வாக்கணும். அவரவிட அண்ணன்தான் இவளுக்கு அப்பா."

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சதேந்திராவுக்குப் போன் போட்டேன். அங்கே தகரத்தில் மழை பெய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சொன்னேன்: "என்னால முடியலடா. இன்னைக்கு சுஷீலாட்டயும் பிள்ளைட்டயும் சொல்லிடறேன்."

"இப்பவாண்ணே? நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம். ரவ்னீல்தான கல்யாணக் கார் ஓட்டறான்? எல்லாரும் சிரிச்ச மொகமா இருக்கட்டும். வந்ததக் கெடுக்காதீங்க."

அவன் இதைத்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். போன் போடுவதற்கு முன்பே தெரியும். தெரிந்துதான் போட்டேன். அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் நான் மணையில் உட்காரலாம் அல்லவா? இதை எழுதும்போது என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் புரோகிதர் பெண்ணின் தகப்பன் பெயர் கேட்டார். சதேந்திரா என்றேன். அவர் எங்கே என்றார். விசா கிடைக்கவில்லை என்றேன். எங்கள் ஜனத்தில் அதற்குமேல் யாரும் விவரம் கேட்கமாட்டார்கள். தீப்திகாவின் கையை என் கையில் வைத்தார்கள். மருதாணி வாசனை. என் மனைவி செம்பைச் சாய்த்தாள், தண்ணீர் பாதி வெளியேதான் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். பெண்ணைக் கொடுக்கிறவன் அழுவது இயல்புதானே என்று புரோகிதர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். தீப்திகா என் காதருகே, "தேங்க் யூ, பெரியப்பா" என்றாள்.

போட்டோ வேண்டும் என்று சதேந்திரா கேட்டிருந்தான். தாரை வார்க்கிற படத்தைத்தான் கேட்டான். பெரிதாகப் போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவனே போன் செய்தான். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டியிருக்கிறானாம், வேலை செய்யும்போது நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி.

"பிள்ள லட்சுமியாட்டம் இருக்கா" என்றான். "நீங்களும் படத்துல நல்லா விழுந்திருக்கீங்கண்ணே."